பைக் இண்டிகேட்டர் எரியவில்லையா? பல்ப் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், விவேக்நகர் நண்பர்கள் போனிலும் கேட்பார்கள். பாதிக்கு மேல் இண்டிகேட்டர் சமாச்சாரம்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் பல்ப்தான் போயிருக்க வேண்டும் என்று இல்லை. ஹோல்டரிலும் (பல்ப் உட்காரும் கூடு) எர்த்திலும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) இருக்கும் கோளாறுக்குப் பல்ப்மேல் பழி போடுவதுதான் அதிகம் நடக்கிறது.

வலது பக்கம் போட்டா படபடன்னு வேகமா அடிக்குது. இடது பக்கம் சரியா இருக்கு. ஏன்?

வலது பக்கத்தில் முன்னாலோ பின்னாலோ ஒரு விளக்கு எரியவில்லை என்று அர்த்தம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைப்பது ஃபிளாஷர் என்கிற சின்ன டப்பா. அது தன் வழியாகப் போகும் கரண்ட்டைப் பொறுத்துத்தான் வேகத்தை வைத்துக்கொள்கிறது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் 10 வாட் பல்ப். ஒரு பக்கத்துக்கு இரண்டு பல்ப் சேர்ந்து ஏறக்குறைய 1.7 ஆம்பியர் இழுக்கும். ஒன்று போனால் அது பாதியாகிவிடும், ஃபிளாஷரும் அவசரப்படும். சரியான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை. அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு முனையில் கோளாறு.

சில பழைய வண்டிகளில் இது தலைகீழாக நடக்கும். சூட்டில் வளையும் தகடு வைத்த பழைய வகை ஃபிளாஷரில் ஒரு பல்ப் போனால் வேகம் குறையும், அல்லது விட்டு எரியாமல் ஒரே சீராக நின்றுவிடும். ஆக, வேகமானாலும் மெதுவானாலும் ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இறங்கி அந்தப் பக்கத்து இரண்டு விளக்கையும் பாருங்கள்.

எரியாத விளக்கு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. பல்ப் வாங்கிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பல்பைக் கழற்றி, எரிகிற பக்கத்து ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் பல்ப் நல்ல பல்ப். கோளாறு இங்கே ஹோல்டரிலோ ஒயரிலோ. அங்கேயும் எரியாவிட்டால் பல்ப் போய்விட்டது. இதற்கு மீட்டரோ மெக்கானிக்கோ வேண்டாம்.

கண்ணால் பார்த்தே சிலதைச் சொல்லிவிடலாம். இழை நடுவில் அறுந்து தொங்கினால் சந்தேகமே இல்லை. உள்ளே கண்ணாடி கறுத்திருந்தால் ஆயுள் முடிந்த பல்ப்; டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. வெள்ளைப் பொடி பூத்தது போல் இருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஆனால் இழை முழுசாகத் தெரிவதால் மட்டும் பல்ப் நல்லது என்று நம்பிவிட வேண்டாம். அடிப்பகுதியில் கம்பி சேரும் இடத்தில் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மாற்றி மாட்டிப் பார்ப்பதே உத்தமம்.

எந்த பல்ப் வாங்கணும்? கடையில கேட்டா என்ன சொல்லணும்?

பழைய பல்பைக் கையில் கொண்டுபோங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. இருந்தாலும் மூன்று விஷயம் தெரிந்திருந்தால் கடைக்காரர் எதையாவது தலையில் கட்ட முடியாது.

முதலாவது வாட். பல்பின் பித்தளைக் கழுத்தில் பொடி எழுத்தில் 12 வோல்ட் 10 வாட் என்று இருக்கும். 10 வாட் இருந்த இடத்தில் 10 வாட்தான் போட வேண்டும். "21 வாட் போட்டா பளிச்சுனு இருக்கும் சார்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பளிச்சென்றுதான் இருக்கும், அந்தச் சின்னக் கூட்டுக்குள் சூடு தாங்காமல் லென்ஸ் உருகி வளையும் வரை. ஃபிளாஷரும் அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. ஃபிளாஷர் டப்பாவின் மேலேயே எத்தனை வாட், எத்தனை பல்ப் என்று அச்சடித்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் அதைப் படித்துக்கொள்ளலாம். பழைய யெஸ்டி, ஜாவா வைத்திருப்பவர்கள் வண்டி 6 வோல்ட்டா என்றும் பார்க்க வேண்டும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்ப் மாட்டினால் மினுக்கென்று ஒரு சிவப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது நிறம். வெளியே தெரிய வேண்டிய வெளிச்சம் ஆரஞ்சு மஞ்சள். லென்ஸே ஆரஞ்சு நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளைக் கண்ணாடிப் பல்ப். லென்ஸ் வெள்ளையாக இருந்தால் பல்ப் ஆரஞ்சு நிறமாக இருக்கும். சாயம் பூசின பல்ப் பழசானால் பூச்சு உரிந்து வெள்ளையாக அடிக்க ஆரம்பிக்கும். அப்போது பல்ப் எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுவதுதான் சரி. பகல் வெயிலில் வெள்ளை மினுக்கல் யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது அடிப்பாகம். கழுத்தில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் வகை ஒன்று, உலோகக் கழுத்தே இல்லாமல் கண்ணாடியே தட்டையாகச் சொருகும் கேப்லெஸ் வகை ஒன்று. ஊசி வகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: வெள்ளைப் பல்பில் இரண்டு ஊசியும் நேர் எதிரெதிரே, அதாவது 180 டிகிரியில் இருக்கும். ஆரஞ்சுப் பல்பில் 150 டிகிரியில், கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். நிறம் மாறிப்போகாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் மாற்றி வாங்கிவந்து, உள்ளே போகவில்லையே என்று பலம் காட்டி ஹோல்டரை நெளித்தவர்கள் நிறையப் பேர்.

பெங்களூர்ல எங்கே வாங்கலாம்?

சாதாரண 10 வாட் பல்ப் எந்தத் தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். இரண்டு மூன்று டீக் காசுதான் ஆகும், அதற்காக ட்ராஃபிக்கில் ஜே.சி. ரோடு வரை போக வேண்டியதில்லை. முழு இண்டிகேட்டர், ஃபிளாஷர், பழைய மாடலுக்கு லென்ஸ் என்று தேடும்போது டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோடும் பக்கத்துக் கலாசிபாளையமும் உதவும். டயோடு, ரெசிஸ்டர் மாதிரி எலெக்ட்ரானிக் சாமான் வேண்டுமென்றால் எஸ்.பி. ரோடு. நிறுத்திவிட்ட மாடலுக்கு உருப்படியான பழைய பார்ட் சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் கடைகளில், அதிர்ஷ்டமிருந்தால் அகப்படும்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். "ஹத்து வாட் பல்ப் கொடி" என்று கன்னடத்தில் தொடங்கினால் கடைக்காரர் முகம் மலரும். அப்புறம் பேச்சு எந்த மொழிக்கு வேண்டுமானாலும் போகட்டும். வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்துறதுக்கு என்னென்ன சாமான் வேணும்?

நடுத்தர அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், துணி, துண்டு உப்புத்தாள். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இருந்தால் நல்லது. கழற்றிய ஸ்க்ரூவைப் போட ஒரு மூடியோ கிண்ணமோ அவசியம். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் உருண்டு போன ஸ்க்ரூ கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

சரி, எப்படி மாத்துறது? படிப்படியா சொல்லுங்க.

சாவியை ஆஃப் செய்யுங்கள். வண்டி ஓடி வந்திருந்தால் பல்ப் ஆற இரண்டு நிமிடம் விடுங்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை, சாவி ஆஃப் போதும்.

இண்டிகேட்டரின் கீழ்ப்புறம் அல்லது பின்புறம் ஒரு ஸ்க்ரூ இருக்கும். பழைய வட்ட இண்டிகேட்டரில் முன்னாலேயே இரண்டு ஸ்க்ரூ தெரியும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா பாருங்கள். சின்ன முனையை வைத்துத் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கி வேலை கெட்டுவிடும். ஒரு கையால் இண்டிகேட்டரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகுங்கள், இல்லாவிட்டால் கழுத்து ரப்பர் மேல் பாரம் விழும். துருப் பிடித்து இறுகியிருந்தால் டபிள்யூடி-40 இரண்டு சொட்டு விட்டுக் காத்திருங்கள்.

ஸ்க்ரூ வந்ததும் லென்ஸ் தானாக விழாது. ஒருபக்கம் சின்னக் கொக்கி ஒன்று உள்ளே மாட்டியிருக்கும். ஸ்க்ரூ இருந்த பக்கத்தை முதலில் தூக்கி, கொக்கிப் பக்கத்தை அப்புறம் நழுவ விடுங்கள். நேராக இழுத்தால் கொக்கி முறியும். அது முறிந்த லென்ஸ் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம் கடகடக்கும். லென்ஸுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருந்தால் அது எப்படி உட்கார்ந்திருந்தது என்று பார்த்து வையுங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

இப்போது பல்ப். ஊசி வகையென்றால், வீட்டில் பழைய குண்டு பல்ப் மாட்டிக் கழற்றியது ஞாபகம் இருக்கும், அதே முறைதான். மெதுவாக உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே இடஞ்சுழியாகக் கொஞ்சம் திருப்பினால் ஸ்பிரிங் வெளியே தள்ளிவிடும். கேப்லெஸ் வகையைத் திருப்பக் கூடாது, நேராக வெளியே இழுக்க வேண்டும்.

புதுப் பல்பைப் போடுமுன் ஹோல்டருக்குள் எட்டிப் பாருங்கள். இந்தச் சின்ன வேலையில் அதிகம் பலன் தரும் நிமிடம் இதுதான், பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகடோ குமிழோ ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அது பளபளவென்று இருக்க வேண்டும். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். சுற்றுச்சுவரில் துரு இருந்தாலும் தேயுங்கள், ஏனென்றால் பல்புக்கு எர்த் கிடைப்பது அந்தச் சுவர் வழியாகத்தான். பொடியை ஊதிவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பிறகு புதுப் பல்ப்: ஊசியைப் பள்ளத்தில் பொருத்தி, அழுத்தி, வலஞ்சுழியாகத் திருப்பினால் உட்கார்ந்துவிடும்.

கண்ணாடியில் விரல் படக் கூடாது என்பார்களே? அது ஹெட்லைட்டின் ஹாலோஜன் பல்புக்கு முக்கியமான விதி. இந்த 10 வாட் பல்புக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், போதும்.

லென்ஸை மூடுமுன் சாவியைப் போட்டு இண்டிகேட்டரை அடித்துப் பாருங்கள். எரிந்தால் ரப்பர் வளையத்தை ஒழுங்காக உட்கார வைத்து, கொக்கியை மாட்டி, ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ இறுகியது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் மரையில் இன்னொரு கால் சுற்று முறுக்கினால் விரிசல்தான்.

என் வண்டி இண்டிகேட்டர்ல ஸ்க்ரூவே இல்லையே?

ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு தெரிகிறதா பாருங்கள். அதில் தட்டை ஸ்க்ரூடிரைவரைத் துணி சுற்றி நுழைத்து லேசாகத் திருப்பினால் லென்ஸ் விடுபடும். வெட்டும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை என்றால் அது அனேகமாகக் கம்பெனியிலிருந்தே வந்த எல்.இ.டி. இண்டிகேட்டர். அதில் பல்ப் என்று தனியாக மாற்ற எதுவும் கிடையாது, முழு இண்டிகேட்டரையும் மாற்ற வேண்டும். வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழட்டும்போது கண்ணாடி மட்டும் கையோட வந்துடுச்சு. அடிப்பாகம் உள்ளேயே மாட்டிக்கிச்சு.

துருவினால் வருவது. சாவி ஆஃப் என்று உறுதி செய்துகொண்டு, மீதிக் கண்ணாடிச் சில்லைக் கவனமாக எடுத்துவிடுங்கள். டபிள்யூடி-40 விட்டு ஊற வைத்து, நீளமூக்குக் குறடால் பித்தளைக் கழுத்தின் உள்விளிம்பைப் பிடித்து, அழுத்தித் திருப்புங்கள். வரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். ஹோல்டர் கெட்டுப்போய் முழு இண்டிகேட்டர் வாங்குவதைவிட, ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள் பார்ப்பது மேல்.

புது பல்ப் போட்டும் எரியலை. இப்போ என்ன?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வரிசையாகப் பாருங்கள்.

ஹோல்டர் அடியில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கிப் போயிருக்கலாம். பல்ப் உட்கார்ந்திருப்பது போல் தெரியும், ஆனால் அடி தொடாது. பக்கத்து வீட்டு ஸ்ப்ளெண்டரில் இதுதான் நடந்தது. மெக்கானிக் பல்பை மாற்றுவார், இரண்டு நாள் எரியும், டானரி ரோடு பள்ளத்தில் ஒரு குலுக்கல், மறுபடி அணைந்துவிடும். லென்ஸைத் திறந்து விரலால் பல்பை அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ஹோல்டருக்குள் அந்தக் குமிழ் ஒருபக்கமாகச் சாய்ந்து, விளிம்பெல்லாம் பச்சைக் களிம்போடு அமுங்கிக் கிடந்தது. தேய்த்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. கழற்றி வைத்திருந்த பழைய பல்பையே மறுபடி மாட்டினோம், அதுவும் எரிந்தது.

ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அடுத்தது எர்த். ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஹோல்டர் சுவரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் வைத்துக்கொண்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். எரிந்தால் எர்த்தான் கோளாறு. சில இண்டிகேட்டருக்குத் தனி எர்த் ஒயர் உண்டு, சிலதில் இண்டிகேட்டரைத் தாங்கும் தண்டே எர்த். தண்டு வகையில் பெயிண்ட் அடித்த இடத்திலோ துருவின் மேலோ போல்ட் இறுக்கியிருந்தால் கரண்ட் திரும்பிப் போக வழியே இருக்காது. எர்த் சரியில்லாத வண்டியில் இன்னொரு கூத்தும் நடக்கும்: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும், அல்லது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும்.

எர்த்தும் சரியென்றால் வரும் ஒயரைப் பாருங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஹோல்டர் குமிழில் சிவப்பு, எர்த்தில் கறுப்பு. எண் ஏறி இறங்கினால் சப்ளை வருகிறது. எதுவுமே வராவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. முன்பக்கம் என்றால் ஹேண்டில் திரும்பும்போது மடங்கும் கழுத்துப் பகுதியிலும் ஹெட்லைட் டூமுக்குள் ஒயர்கள் சேரும் கப்ளர்களிலும் தேடுங்கள். பின்பக்கம் என்றால் மட்கார்டுக்கு அடியில் சேறு அடிக்கும் இடம். ஹோண்டா, பழைய ஹீரோ ஹோண்டா வண்டிகளில் இடதுக்கு ஆரஞ்சு, வலதுக்கு இளநீலம், எர்த்துக்குப் பச்சை. யமஹாவில் இடதுக்குச் சாக்லேட் நிறம், வலதுக்குக் கரும்பச்சை, எர்த்துக்குக் கறுப்பு. ஹோண்டாவில் பழகிய கையோடு யமஹாவின் பச்சையை எர்த் என்று நினைத்து இணைத்துவிடாதீர்கள்.

ஒரே இடத்துல அடிக்கடி பல்ப் போகுது.

ஒரே ஒரு விளக்கில் மட்டும் என்றால் அதிர்வுதான் முதல் சந்தேகம். இண்டிகேட்டர் தண்டின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உதறல் முழுவதும் இழைக்குப் போகும். ரப்பரையும் நட்டையும் பாருங்கள்.

எல்லாப் பக்கமும், ஹெட்லைட் உட்பட, மாறி மாறிப் போகிறது என்றால் விஷயம் வேறு. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி வைத்துப் பேட்டரி முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே விட்டால் அடுத்து பேட்டரி கொதிக்கும். அதற்கு மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

மழைக்கப்புறம் லென்ஸ் உள்ளே தண்ணி நிக்குது. பரவாயில்லையா?

பெங்களூர் சாயங்கால மழையைப் பற்றித் தெரியாதா? ஆனால் என் அனுபவத்தில் மழையைவிட வாட்டர் வாஷ்தான் பெரிய குற்றவாளி. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் எந்த ரப்பரையும் தாண்டிவிடும். "இண்டிகேட்டர் மேல நேரா அடிக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.

உள்ளே லேசாக ஆவி படிந்து வெயிலில் மறைந்தால் விட்டுவிடலாம். தண்ணீர் தேங்கினால் திறந்து துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். இண்டிகேட்டரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். மண்ணோ எறும்புப் புற்றோ அதை அடைத்திருக்கும், ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். அதைத் தண்ணீர் நுழையும் ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோல்டர் தொடும் இடங்களில் துளி வாஸலின் தடவினால் களிம்பு ஏறுவது வெகுவாகக் குறையும்.

நாலு இண்டிகேட்டரும் வேலை செய்யலை. நாலு பல்பும் வாங்கணுமா?

நான்கும் ஒரே நாளில் போகாது. ஃபியூஸ், ஃபிளாஷர், சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்று. ஹாரனும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸ் பக்கம் போங்கள். போன ஃபியூஸில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதே அளவுதான் போட வேண்டும். சிகரெட் பேப்பர் தகடு சுற்றும் வித்தையெல்லாம் ஒயரிங்கை எரித்துவிடும். ஃபிளாஷர் சோதிக்க, அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் நொடிப்பொழுது இணைத்து இண்டிகேட்டர் சுவிட்சைப் போடுங்கள். விளக்கு விட்டு எரியாமல் சீராக எரிந்தால் ஃபிளாஷர்தான் போயிருக்கிறது. இது இரண்டு முனை ஃபிளாஷருக்கு மட்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் தனி ஃபிளாஷரே இல்லை, எல்லாம் கண்ட்ரோல் யூனிட்டுக்குள். அங்கே கை வைக்காதீர்கள்.

பல்ப் எல்லாம் எரிகிறது, ஆனால் மெதுவாக, மங்கலாக, சிக்னலில் நிற்கும்போது இன்னும் மோசமாக என்றால் பேட்டரியைப் பாருங்கள்.

எல்.இ.டி. போட்டுக்கலாமா? ஆன்லைன்ல அழகா வருதே.

போடலாம். ஆனால் பல்பைக் கழற்றி அந்த இடத்தில் எல்.இ.டி.யைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 10 வாட் இழுத்த இடத்தில் எல்.இ.டி. ஒரு வாட் அளவுக்குத்தான் இழுக்கும். ஃபிளாஷர் அதைப் பல்ப் போனதாகவே எடுத்துக்கொண்டு படபடக்கும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்காத எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கி மாட்டுவது. முனைகளின் எண்ணிக்கையும் வரிசையும் உங்கள் பழையதோடு பொருந்த வேண்டும். இன்னொன்று, பழைய பல்ப் அளவுக்குக் கரண்ட் இழுக்க ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ரெசிஸ்டர் இணைப்பது. ரெசிஸ்டர் தொட முடியாத அளவு சுடும், பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் கட்டினால் உருக்கிவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்.இ.டி. போட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததை ரெசிஸ்டரில் எரிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரிகிறது. ஃபிளாஷர் மாற்றுவதுதான் ஒழுங்கான வழி.

எல்.இ.டி.யின் வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் உண்டு. உள்ளே இருக்கும் கிண்ணம் நாலாபக்கமும் வெளிச்சம் பரப்பும் இழைப் பல்புக்குச் செய்தது. ஒரே திசையில் அடிக்கும் எல்.இ.டி. சில கூட்டில் நேராகப் பார்த்தால் கண்ணைக் கூசும், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. சில்க் போர்டு நெரிசலில் உங்கள் பக்கவாட்டில் வரும் பஸ் டிரைவருக்குத்தான் அது தெரிந்தாக வேண்டும். சாதாரணமாக ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு 10 வாட் பல்பே போதும் என்பது என் கட்சி.

எல்.இ.டி. மாத்தினதும், ஒரு பக்கம் போட்டா நாலும் சேர்ந்து அடிக்குது!

மீட்டரில் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு இருக்கும் வண்டியில் வரும் கோளாறு. அந்த விளக்கு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே இணைந்திருக்கிறது. இடது போட்டால் கரண்ட் அதன் வழியே வலது பல்புகளைத் தாண்டித்தான் எர்த்துக்குப் போகும். பழைய பல்ப் அந்தத் துளிக் கரண்ட்டில் எரியாது, எல்.இ.டி. எரிந்துவிடும். மீட்டர் விளக்கின் இரண்டு ஒயரையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டயோடு வைத்து ஒன்றாகச் சேர்த்து விளக்கின் ஒரு முனைக்குக் கொடுத்து, மறுமுனையை எர்த் செய்தால் சரியாகிவிடும். டயோடின் வெள்ளைக் கோடு விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் டயோடு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இண்டிகேட்டர் எரியலைன்னா போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 102-ஆவது விதி திரும்பும் சைகை விளக்குகளைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறைக்கு 1500 ரூபாய் வரை அபராதம் உண்டு. இடத்திலேயே கட்டும் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கும். நிஜமான அபராதம் ஹெப்பாளிலோ டின் ஃபேக்டரியிலோ பின்னால் வருகிறவர் உங்கள்மேல் ஏற்றும்போது கட்டுவது. இங்கே இண்டிகேட்டர் போட்டால் வழிவிடுவதற்குப் பதிலாக வேகம் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அது அவர்கள் கணக்கு.

ஊருக்குப் போற வழியில பல்ப் போயிட்டா?

ஓசூர் ரோட்டில் இரவில் போகிறீர்கள் என்றால் அதே பக்கத்தில் எரியும் பல்பைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள். முன்னால் இல்லாவிட்டாலும் பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிய வேண்டும். அப்புறம் கைச் சைகை. 2017-இல் மாற்றப்பட்ட 1989 சாலை ஒழுங்குமுறையில் சொல்லியிருந்தபடி, வலது திரும்ப வலக்கையை நேராக நீட்ட வேண்டும், இடது திரும்ப அதே வலக்கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். பைக்கில் ஆக்ஸிலேட்டர் இருப்பதும் அதே கையில்தான், அதனால் முன்கூட்டியே வேகம் குறைத்துக்கொண்டு செய்யுங்கள். வாங்கி வைத்த உபரிப் பல்பைச் சீட்டுக்கடியில் சும்மா போடாதீர்கள், டூல்கிட் ஸ்பானரோடு சேர்ந்து குலுங்கி அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் உடைந்திருக்கும். பஞ்சு சுற்றி ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

ஸ்கூட்டருக்கும் இதே முறைதானா?

பல்ப், ஹோல்டர், எர்த் எல்லாம் இதேதான். கையை உள்ளே விடுவதுதான் சிரமம். முன் இண்டிகேட்டர் ஹேண்டில் கவரிலோ முன் ஏப்ரனிலோ பதிந்திருந்தால் அந்தப் பேனலைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து ஹோல்டரைத் திருப்பி எடுக்க வேண்டும். பேனல் கொக்கிகள் பழைய வண்டியில் தொட்டாலே முறியும். உங்கள் மாடலுக்குப் பேனல் கழற்றும் வீடியோவை ஒருதடவை பார்த்துவிட்டு இறங்குங்கள். பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தால், அன்றைக்கு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு "ஹோல்டரையும் தேய்ச்சுப் போடுங்கண்ணா" என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.